எரிந்த சுவரை யாரைக் கேட்டுப் பூசுவது?
யாழ். பொது நூலகம் கட்டப்பட்ட கதை



யாழ்ப்பாணப் பொது நூலகம் என்றால் எங்கள் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது நெருப்புத்தான். ஒவ்வொரு ஆண்டும் யூன் மாதம் பிறந்ததும் 97,000 நூல்கள் என்ற கணக்கைச் சொல்லிப் பெருமூச்சு விடுவோம். அது சொல்லப்பட வேண்டிய கணக்குத்தான். ஆனால் நான் இங்கே எழுத வந்தது எரித்தவர்களைப் பற்றி அல்ல, கட்டினவர்களைப் பற்றி. அந்தக் கட்டடத்தை எங்கட ஊர் ஒருதரம் கட்டியது. எரிந்த பின் ஒருதரம் திருத்தியது. அதுவும் சிதைந்தபின் வேறு ஆட்கள் வந்து இன்னொருதரம் கட்டினார்கள். ஒவ்வொரு முறையும் பிளானைக் கீறியது யார், யாரைக் கேட்டுக் கீறினார்கள் என்பதை எம்மவர்கள் அவ்வளவாகக் கதைப்பதில்லை. அதைக் கொஞ்சம் கதைப்போம்.

நான் சரித்திரம் படித்துப் பட்டம் பெற்ற ஆள் இல்லை. உயர்தரத்தோட படிப்பு நிண்டு போச்சு. இப்போது இங்கே யேர்மனியில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரத்துக்கு முன்னால் நிற்கிறேன். ஆனால் உயர்தரம் படித்த காலத்தில், போர் முடிவதற்கு முந்திய அந்த இறுக்கமான நாட்களில், திரும்பக் கட்டிய அதே நூலகத்தில் இருந்துதான் பழைய வினாத்தாள்களைச் செய்து பார்த்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் கால் குளிரும். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தூண், மேலே கும்மட்டம். பார்க்க வடிவான கட்டடம். அது ஒருமுறை எரிந்தது என்பதை அந்தச் சுவர் எனக்குச் சொல்லவில்லை, அம்மாதான் சொன்னா. அந்தச் சுவர் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி அப்போதே மனதில் விழுந்தது. அதுக்குப் பதில் தேடினதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு வீட்டில் தொடங்கியது

1933ஆம் ஆண்டு நவம்பர் மாதம் க. மு. செல்லப்பா என்பவர் தன்னுடைய வீட்டிலேயே ஓர் இலவசத் தமிழ் நூலகத்தைத் தொடங்கினார். அவர் பெரிய பணக்காரர் இல்லை, நீதிமன்றத்தில் வேலை பார்த்த ஒரு உத்தியோகத்தர். தன்னிடம் இருந்த நூல்களை மற்றவர்களும் வாசிக்கட்டும் என்று நினைத்தார், அவ்வளவுதான். பிறகு ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள், கூட்டம் வைத்தார்கள், ஒரு குழு அமைத்தார்கள், ஆயிரத்துச் சொச்சம் ரூபா சேர்த்தார்கள். 1934 ஓகஸ்ட் 1ஆம் திகதி ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் 844 நூல்களோடு நூலகம் திறந்தது. 1935இல் நகரசபை அதைப் பொறுப்பேற்றது. அடுத்த ஆண்டு நகரசபைக் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் கட்டடத்துக்கு மாறியது.

வாசிக்க வருகிற ஆக்கள் கூடக்கூட இடம் காணாமல் போனது. 1949இல் யாழ்ப்பாணம் மாநகரசபை ஆனபின் முதல் மேயராக வந்த சாம் சபாபதி காலத்தில், இதுக்கென்று தனியாகப் பெரிய கட்டடம் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. காசுக்கு எங்கே போவது? களியாட்ட விழா நடத்தினார்கள், லொத்தர் சீட்டு விற்றார்கள். சீட்டு வாங்கின கடைக்காரரும் ஆசிரியரும் கமக்காரரும் அந்தக் கட்டடத்தில் ஆளுக்கொரு கல்லை வைத்தார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பிளான் போடுகிற வேலையையும் ஒரு ஆளிடம் விட்டுவிடவில்லை. புனித பத்திரிசியார் கல்லூரி அதிபராக இருந்த வண. லோங் அடிகளார் முன்னுக்கு நின்றார். இந்திய நூலகவியலின் தந்தை என்று போற்றப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் அவர்களிடம், ஒரு பொது நூலகம் எப்படி அமைய வேண்டும் என்று ஆலோசனை கேட்டார்கள். கட்டடத்தை வரைந்தவர் சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன். நூல் பூட்டி வைக்கிற பொருள் அல்ல, ஆட்கள் எடுத்துப் பாவிக்கிறதுக்குத்தான் என்பது ரங்கநாதனின் அடிப்படைக் கொள்கை. அப்படி யோசிக்கிற ஒருவரையும், திராவிடக் கலைமரபில் தூணும் கும்மட்டமும் வைக்கத் தெரிந்த ஒருவரையும் ஒரே மேசைக்குக் கொண்டு வந்தது எங்கட ஊர். உள்ளே எப்படி இயங்க வேண்டும் என்று ஒருவர், வெளியே எப்படித் தெரிய வேண்டும் என்று இன்னொருவர், எதுக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று மாநகரசபை.

1954 மார்ச் 29ஆம் திகதி அடிக்கல் நாட்டியபோதும் ஒருவர் தனியே நாட்டவில்லை. மேயரும் லோங் அடிகளாரும் வெளிநாட்டுத் தூதரகப் பிரதிநிதிகளும் சேர்ந்தே நாட்டினார்கள். 1959 ஒக்ரோபர் 11ஆம் திகதி அப்போதைய மேயர் அல்பிரட் துரையப்பா கட்டடத்தைத் திறந்து வைத்தார். பிறகும் வேலை நிற்கவில்லை. 1967இல் சிறுவர் பகுதி திறந்தார்கள். 1971இல் மண்டபம் வந்தது. செல்லப்பாவின் வீட்டு அலுமாரியில் இருந்து அந்த மண்டபம் வரை ஏறக்குறைய நாற்பது வருசம். இதைத்தான் நான் கூட்டு வேலை என்று சொல்லுகிறேன்.

எரிந்த பிறகு எடுத்த முடிவு

1981 மே மாதம் முடிந்து யூன் மாதம் தொடங்கிய அந்த நாட்களில், மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடக்க இருந்த வேளையில், என்ன நடந்தது என்பதை நான் விரித்து எழுதத் தேவையில்லை. காவல்துறையினரும் அவர்களோடு வந்தவர்களும் நூலகத்துக்கு நெருப்பு வைத்தார்கள். ஈழநாடு பத்திரிகை அலுவலகம் எரிந்தது. பூபாலசிங்கம் புத்தகசாலை எரிந்தது. ஓலைச் சுவடிகளும் பழைய பத்திரிகைகளும் சாம்பலாயின. பன்மொழி அறிஞரான தாவீது அடிகளார் அந்தத் தீயைக் கண்டு அதிர்ச்சியில் உயிர் விட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் கனபேருக்குத் தெரியாது. சாம்பல் ஆறமுந்தியே ஊர் வேலையைத் தொடங்கியது. மேயர் ராஜா விசுவநாதன் காலத்து மாநகரசபை, கட்டடக் கலைஞர் வீ. எஸ். துரைராஜாவிடம் திருத்த வேலையை ஒப்படைத்தது. 1982இல் யாழ். பொது நூலக வாரம் என்று ஒன்று நடத்தி, வீடு வீடாகப் போய் ஆயிரக்கணக்கில் நூல்கள் சேர்த்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தங்கட வீட்டு அலுமாரியில் இருந்து கொண்டுவந்து குடுத்தார்கள்.

அப்போது எழுந்த கேள்வி, எரிந்த சுவரை என்ன செய்வது என்பது. இடித்துப் போடுவதா? பூசி வெள்ளை அடிப்பதா? துரைராஜாவின் பிளானில் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருந்தது. எரிந்த பகுதியை நினைவாக விடுவது, அதன் பின்பக்கத்தில் புதுப் பகுதியைக் கட்டி வாசகர்களுக்குத் திறப்பது. பார்க்க வருகிறவன் முன்னால் எரிந்ததைக் காண்பான், வாசிக்க வருகிறவன் பின்னால் போய் வாசிப்பான். நடந்ததை மறைக்கவும் தேவையில்லை, அதையே நினைத்துக்கொண்டு வாசிப்பை நிறுத்தவும் தேவையில்லை. இந்தக் கதையை அவரே பின்னாளில் ஒரு நூலாகவும் எழுதி வைத்திருக்கிறார்.

83 யூலைக் கலவரம் வந்தும் வேலை நிற்கவில்லை. 1984 யூன் 4ஆம் திகதி நூலகம் திரும்பவும் திறக்கப்பட்டது. எரிந்து மூன்று வருசம்தான். நாட்டில் எங்கட சனம் வெட்டுப்பட்டுக் கொண்டிருந்த காலத்தில், தங்கட காசோடும் தங்கட கட்டடக் கலைஞரோடும் தாங்களே எடுத்த முடிவோடும் ஒரு நூலகத்தைத் திறந்தார்கள். இதை எங்கட பிள்ளைகளுக்கு நாங்கள் எத்தனை தரம் சொல்லியிருக்கிறோம்? எரிந்த கதையைச் சொன்ன அளவுக்கு இதைச் சொல்லவில்லை.

அது நிலைக்கவில்லை. கோட்டையில் இராணுவம், வெளியில் போராளிகள், நடுவில் நூலகம். 1985இல் படையினர் உள்ளே வந்து வெடி வைத்தார்கள். பிறகு ஷெல்லும் சூடும் பட்டு, கூரையில்லாத எலும்புக்கூடாகத்தான் அந்தக் கட்டடம் பல வருசம் நின்றது.

வெள்ளை பூசிய காலம்

மூன்றாவது கதை வேறு மாதிரி. 1995, 96இல் குடாநாடு இராணுவத்தின் கைக்குப் போனபின், சந்திரிகா அரசாங்கம் நூலகத்தைத் திரும்பக் கட்டுவோம் என்று அறிவித்தது. ஆளுக்கொரு நூலும் ஒரு செங்கல்லும் தாருங்கள் என்று தெற்கில் ஓர் இயக்கம் நடந்தது. 1998இல் கட்டட வேலை தொடங்கியது. 25,000க்கு மேற்பட்ட நூல்கள் சேர்ந்தன. அதில் நல்ல மனதோடு குடுத்த சிங்களச் சகோதரர்கள் பலர் இருந்தார்கள் என்பதை நாங்கள் மறுக்கக் கூடாது. ஏழைத் தாய் ஒருத்தி குடுத்த கல்லும் அதில் இருக்கும்.

ஆனால் இந்த முறை முடிவு எடுத்த மேசை யாழ்ப்பாணத்தில் இருக்கவில்லை. பழைய கட்டடம் எப்படி இருந்ததோ அப்படியே திரும்பக் கட்டுவது என்று முடிவாயிற்று. எரிந்த சுவரை நினைவாக விட வேண்டும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். பழைய அழகோடு எழும்புவதுதான் பதிலடி என்று சொன்னவர்களும் இருந்தார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஊர் இருந்து ஆறுதலாகக் கதைத்து முடிவெடுக்க வேண்டிய விசயம் இது. ஆனால் அந்தக் காலத்தில் ஆறுதலாகக் கதைக்க எங்கே இடம் இருந்தது? 1998ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் யாழ்ப்பாணத்தின் இரண்டு மேயர்கள், சரோஜினி யோகேஸ்வரனும் பொன். சிவபாலனும், அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். வாயைத் திறந்தால் ஒரு பக்கத்தால் இல்லாவிட்டால் மற்றப் பக்கத்தால் ஆபத்து. அப்படிப்பட்ட ஊரில் கூட்டம் வைத்துக் கருத்துக் கேட்பது எப்படி?

கட்டடம் எழும்பியது. வேலையில் பெரிதாகக் குறை சொல்ல ஏலாது. ஆனால் கேட்காமல் விட்ட கேள்வி திறப்பு விழா அன்று வந்து வாசலில் நின்றது. 2003 பெப்ரவரியில் மேயர் செல்லன் கந்தையன் தலைமையிலான மாநகரசபை திறப்பு விழாவுக்கு நாள் குறித்தது. விடுதலைப் புலிகளும் வேறு அமைப்புகளும் எதிர்த்தார்கள். விழா நிறுத்தப்பட்டது. அந்த அழுத்தத்தைக் கண்டித்து மேயரும் உறுப்பினர்களும் பதவி விலகினார்கள். எரிந்த வடுவை மறைத்துவிட்டார்கள் என்று ஒரு சாரார் காரணம் சொன்னார்கள். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் இருந்து வந்த ஒரு மேயர் அந்த வாசலைத் திறக்கக் கூடாது என்ற சாதித் தடிப்பும் அதுக்குள்ளே இருந்தது என்று சொல்லுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். எது எவ்வளவு என்று அளந்து சொல்ல என்னால் முடியாது. ஆனால் ஒன்று விளங்குகிறது. அரசாங்கம் ஊரைக் கேட்கவில்லை என்று நாங்கள் குற்றம் சொல்லலாம். ஊர் தன் சொந்த மேயருக்கு அந்த மேசையில் எந்தக் கதிரையைக் குடுத்தது என்ற கேள்வியையும் நாங்கள் விழுங்கிவிடக் கூடாது.

பிறகு பெரிய விழா எதுவும் இல்லாமலே நூலகம் வாசகர்களுக்குத் திறந்தது. என்னைப் போன்ற பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம்.

பேர்லினில் ஓர் உடைந்த கோபுரம்

இதே கேள்வி எங்கட ஊருக்கு மட்டும் வந்ததில்லை. எண்பதுகளில் இங்கே வந்த எங்கட மூத்த ஆக்கள் கனபேர் கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி, ரயில் ஏறி மேற்கு பேர்லினுக்குள் வந்தவர்கள். சூ ரயில் நிலையத்தால் வெளியில் வந்தால் கிட்டடியில் நிற்கிறது ஓர் உடைந்த தேவாலயக் கோபுரம். கைசர் வில்லெல்ம் நினைவுத் தேவாலயம். 1943 நவம்பரில் குண்டு விழுந்து உடைந்தது. யேர்மன் மண்ணில் நாங்கள் முதல் கண்ட கட்டடங்களில் ஒன்று, ஊரில் விட்டுவந்த நூலகம் மாதிரியே காயப்பட்டு நின்றது.

அந்தக் கோபுரம் ஏன் இன்னும் அப்படி நிற்கிறது தெரியுமா? 1957இல் எகோன் ஐயர்மான் என்ற கட்டடக் கலைஞரின் பிளான் தெரிவானது. அவருடைய எண்ணம் உடைந்த கோபுரத்தையும் இடித்துவிட்டு முழுக்கப் புதிதாகக் கட்டுவது. பேர்லின் சனம் விடவில்லை. கோபுரத்தில் கை வைக்காதே என்று பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. கடைசியில் ஐயர்மான் தன் பிளானை மாற்றினார். உடைந்த கோபுரம் நடுவில் நிற்க, இரண்டு பக்கமும் நீலக் கண்ணாடி பதித்த புதுக் கட்டடங்கள் எழும்பின. 1961இல் திறந்தார்கள். பெரிய கலைஞர்தான், ஆனால் ஊர் சொன்னதைக் கேட்டார். கேட்டதால்தான் அது இன்றைக்கு அந்த நகரத்தின் அடையாளமாக இருக்கிறது.

பேர்லினில் இன்னொரு இடமும் இருக்கிறது, பேபல் சதுக்கம். 1933 மே 10ஆம் திகதி நாசிகள் அங்கேதான் ஏறக்குறைய 20,000 நூல்களைக் குவித்து எரித்தார்கள். அதே 1933இல்தான் யாழ்ப்பாணத்தில் செல்லப்பா தன் வீட்டை நூலகம் ஆக்கினார் என்பதை நினைத்தால் மனம் என்னவோ செய்கிறது. அந்தச் சதுக்கத்தில் மீக்கா உல்மான் என்ற இஸ்ரேலியக் கலைஞர் அமைத்த நினைவிடம் 1995இல் வந்தது. நிலத்துக்குக் கீழே ஒரு வெள்ளை அறை, சுற்றிவர வெறும் புத்தகத் தட்டுகள். எரிந்த அத்தனை நூல்களும் வைக்கக்கூடிய இடம், ஆனால் ஒரு நூலும் இல்லை. மேலே நின்று கண்ணாடி வழியாகக் குனிந்து பார்க்க வேண்டும். பிள்ளைகளைப் பேர்லினுக்குக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அங்கேயும் ஒருக்கால் நின்று, எங்கட கதையையும் சேர்த்துச் சொல்லுங்கோ.

நாங்கள் செய்யக்கூடியது

தொழிற்சாலையில் இயந்திரங்களை இடம் மாற்றும்போது நான் கண்ட ஒரு விசயம். எஞ்சினியர் வந்து, "நீ எங்கே நின்று வேலை செய்கிறாய், எந்தப் பக்கம் திரும்புகிறாய்?" என்று கேட்டுவிட்டு பிளான் போட்டால் அடுத்த நாளே வேலை ஓடும். கேளாமல் போட்டால் பிளான் கடதாசியில் வடிவாகத்தான் இருக்கும், எங்களுக்கு நாரி நோகும். கட்டடமும் அப்படித்தான். 1950களில் ஊர் தன்னைத்தானே கேட்டுக் கட்டியது, அந்தக் கட்டடத்தை ஊர் தன் உயிராக நினைத்தது. 1984இல் அந்த எரிந்த காயத்தோடேயே திறந்தது. பிறகு கேளாமல் கட்டியபோது, நல்ல கட்டடமாக இருந்தும் திறக்கிற நாளில் சண்டை வந்தது.

இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் நூலகம் இயங்குகிறது. பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தச் சுவரை இனி நாங்கள் கறுப்பாக்க முடியாது, ஆக்கவும் தேவையில்லை. ஆனால் சுவர் சொல்லாததைச் சொல்லக்கூடிய ஆட்கள் எங்களோடு இருக்கிறார்கள். 1981க்கு முந்திய நூலகத்தில் இருந்து வாசித்தவர்களுக்கு இன்றைக்கு அறுபதும் எழுபதும் எண்பதும் வயது. எங்கட சங்கத்தில் போன தைப்பொங்கல் அன்று இரண்டு ஐயாமார் ஒரு கடதாசித் துண்டில் பழைய நூலகத்தைக் கீறிக்கொண்டு வாதாடினார்கள். பத்திரிகை மேசை இந்தப் பக்கம் என்று ஒருவர், இல்லை அந்தப் பக்கம் என்று மற்றவர். சோறு ஆறும்வரை சண்டை முடியவில்லை. அந்தக் கடதாசி பிறகு கோப்பைகளோடு சேர்ந்து குப்பைக்குள் போய்விட்டது. அடுத்த கடதாசி அப்படிப் போகக் கூடாது.

ஆகவே என்னுடைய யோசனை இதுதான். இந்தச் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஒரு பெரிய தாளை மேசையில் விரிப்போம். பழைய நூலகத்துக்குப் போன அத்தனை பேரும், ஐயாமார் மட்டுமல்ல அம்மாமாரும், எந்த ஊர், எந்தத் தெரு, எந்தச் சமூகம் என்று பாராமல் வந்து, ஞாபகத்தில் இருப்பதைக் கீறட்டும். எங்கே இருந்தீர்கள், எந்த யன்னலால் காற்று வந்தது, என்ன நூல் எடுத்தீர்கள், உங்களை உள்ளே விட்டார்களா, எப்படி நடத்தினார்கள் என்று எல்லாவற்றையும் சொல்லுங்கோ. தமிழ் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்து எழுதட்டும், தமிழில் ஏலாவிட்டால் யேர்மன் மொழியில் எழுதட்டும். ஒருவர் சொல்வதை மற்றவர் மறுத்தால் இரண்டையும் எழுதுவோம். 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிமமாக்கி வருகிற நூலகம் நிறுவனத்துக்கு ஒரு பிரதி அனுப்புவோம். எங்கட சங்க அறையின் சுவரில் ஒரு பிரதி தொங்கட்டும்.

செல்லப்பா தொடங்கும்போது அவரிடம் கட்டடம் இருக்கவில்லை, ஓர் அலுமாரியும் பக்கத்து வீட்டு ஆட்களும்தான் இருந்தார்கள். எங்களிடமும் அவ்வளவு இருக்கிறது. பேனையும் பென்சிலும் சங்கம் தரும். மூக்குக் கண்ணாடியை மட்டும் மறக்காமல் கொண்டு வாருங்கோ.